ஆறாத புண்: 'புற்று' என்ற சொல்லைப் பற்றி

சாதி ஒரு புற்றுநோய். ஊழல் ஒரு புற்றுநோய். கைப்பேசி மோகம் இளைய தலைமுறையை அரிக்கும் புற்றுநோய். மேடையில், தலையங்கத்தில், கவியரங்கத்தில், ஒருமுறை கல்யாண வாழ்த்துரையில்கூட இதைக் கேட்டிருக்கிறேன். (கல்யாணத்தில் அது வரதட்சணையைக் குறித்து வந்தது. பேசியவர் தன் மகனுக்கு என்னென்ன வாங்கினார் என்பது மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும்.) தமிழில் எந்தத் தீமைக்கும் கடைசியாகச் சூட்டுகிற பெயர் இதுதான். இதற்கு மேல் நம்மிடம் வசவு இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்புக் குழுவில் அண்மையில் சூசன் சொண்டாக்கின் 'இல்னெஸ் ஆஸ் மெட்டஃபர்' நூலை எடுத்தோம். 1978இல் வந்தது. சின்ன நூல்தான். காசநோயையும் புற்றுநோயையும் எழுத்தாளர்களும் அரசியல்வாதிகளும் எப்படியெல்லாம் உருவகமாக்கினார்கள், அந்த உருவகங்கள் நோயாளியின் தலையில் எப்படி விடிந்தன என்று சொல்லும் நூல். அவர் அதை எழுதியபோது அவருக்கே மார்பகப் புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. நூலில் எங்கும் அதைச் சொல்லவில்லை. அந்த அடக்கம்தான் நூலின் பலம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தோழி கேட்டார்: "சரி, உருவகம் தப்புன்னே வச்சுக்குவோம். அப்ப உண்மையில அது என்ன? நல்ல செல்லுக்கும் கேன்சர் செல்லுக்கும் என்னதான் வித்தியாசம்?"

எட்டு பேர் இருந்தோம். இரண்டு ஆசிரியர்கள், ஒரு வழக்கறிஞர், என்னையும் சேர்த்து மூன்று பொறியாளர்கள். "அது வேகமா வளரும்" என்பதைத் தாண்டி ஒருவராலும் ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு வாக்கியமும் பாதிதான் சரி. நம் குடலின் உட்சுவர்ச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்படுகின்றன. பல புற்றுக்கட்டிகள் அந்த வேகத்துக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. வேகம்தான் குற்றம் என்றால் முதலில் குடலைத்தான் பிடிக்க வேண்டும்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில். இதில் பாதி அறிவியல், பாதி சொல்லாராய்ச்சி. நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்னியல் பொறியியல் படித்தவன், ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. உயிரியல் எனக்கு எஸ்.பி.எம். தேர்வோடு முடிந்தது. அதுவும் எந்த மொழியில் படித்தேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

முதலில் சொல். 'கேன்சர்' கிரேக்கர்களின் நண்டிலிருந்து வந்தது. கட்டியைச் சுற்றிப் புடைத்து நின்ற நரம்புகள் ஹிப்போகிரட்டீஸ் காலத்து மருத்துவர்களுக்கு நண்டின் கால்களாகத் தெரிந்தன. நம் ஊர்க்காரர்கள் பார்த்தது புற்று. வாய்க்குள், மார்பில், தோலைக் கிழித்துக்கொண்டு மேடாக, துளைதுளையாக எழும் ஒன்றைப் பார்த்தால் கரையான் புற்று ஞாபகம் வருவது இயல்புதான். சித்த மருத்துவத்தில் கன்னப்புற்று என்ற பெயரே உண்டு. கண்ணால் கண்டதைச் சொன்ன பெயர் என்ற அளவில் எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. நண்டைவிட நல்ல பெயர் என்றே சொல்வேன்.

பிரச்சினை அந்தச் சொல் தன்னோடு கூட்டிவரும் உறவினர்களால். கரையான் வெளியிலிருந்து வருகிறது. அது கட்டிய புற்றில் பாம்பு குடியேறுகிறது. புற்றைச் சும்மா விட்டால் பாம்பு சும்மா இருக்கும், இடித்தால் சீறிக்கொண்டு வரும். இப்போது நம் வீடுகளில் புழங்கும் அறிவுரையைக் கேளுங்கள்: "கத்தி வைக்க விடாதே, கத்தி பட்டா பரவிடும்." இந்த நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது, தமிழர் மட்டும் கண்டுபிடித்ததில்லை. காலம் கடந்து வந்தவர்களைத் திறந்து பார்த்து, ஒன்றும் செய்ய முடியாமல் தைத்து அனுப்பிய காலத்தில், கத்திக்குப் பிறகு சாவு என்ற வரிசையை மக்கள் பார்த்தார்கள். வரிசையைக் காரணமாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் தமிழில் இந்த நம்பிக்கைக்குச் சொல்லே வக்காலத்து வாங்குகிறது. 'புற்று' என்று கேட்ட காதுக்கு 'இடிக்காதே' என்பது தர்க்கமாகவே படும்.

என் பெரியம்மா கிள்ளானில் இருக்கிறார். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் பதினைந்து வயதிலிருந்து போட்டுப் பழகியவர். இடது கன்னத்தின் உட்பக்கம் ஒரு புண் வந்தது. ஒரு கிளினிக்கில் மூன்று தடவை வாய்ப்புண் களிம்பு கொடுத்தார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் சின்னத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றபோது, குடும்பத்தில் மூத்தவர்கள் கூடிப் பேசி வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். காரணம் மேலே சொன்ன அதே வாக்கியம். ஏழு மாதம் போனது. வாய்ப்புண்ணிலிருந்து துண்டு எடுப்பது நோயைக் கிளப்பிவிடாது. எடுக்காமல் விட்ட ஏழு மாதத்தில் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு உருவகத்தின் விலை என்ன என்று சொண்டாக் ஐரோப்பிய நாவல்களை வைத்துக் கணக்கிட்டார். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு தாடை எலும்பில் ஒரு பகுதி.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியப் பெண்களிடம்தான் மற்ற இனத்தாரைவிட மிக அதிகம் என்பதைத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடுகள் காட்டியிருக்கின்றன. தோட்டத்துப் பெண்களின் வெற்றிலைப் பெட்டியைத் தாண்டி இதற்கு விளக்கம் தேட வேண்டியதில்லை. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும்கூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட தொகுதியில் முதல் வகையில் சேர்த்தது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தாம்பூலப் பை விற்கும் கடைக்காரர்களுக்கு இதை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

இனி தோழியின் கேள்வி.

ஒரு கண்ணாடித் தட்டில் சாதாரணச் செல்களை, அவற்றுக்கு வேண்டிய சாப்பாட்டோடு வளரவிடுகிறார்கள். அவை தரையைப் பற்றிக்கொண்டு, பிரிந்து, பரவி, தட்டின் அடியை ஒரே அடுக்காக நிரப்புகின்றன. பக்கத்துச் செல்லைத் தொட்டவுடன் நின்றுவிடுகின்றன. சாப்பாடு இருக்கிறது, மேலே இடம் இருக்கிறது, ஆனாலும் நிற்கின்றன. பிரிட்டனில் மைக்கேல் அபர்க்ராம்பி என்ற ஆய்வாளர் 1950களில் இந்தத் தொட்டால் நிற்கும் குணத்தை முதலில் கவனித்து எழுதினார். புற்றுச் செல்களை அதே தட்டில் விட்டால் நிற்பதில்லை. ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குவிகின்றன, மாலை ஆறு மணிக்கு கேஎல் சென்ட்ரல் மாதிரி. இன்னொன்று, சாதாரணச் செல்லைத் தரையிலிருந்து பெயர்த்து மிதக்கவிட்டால் பிழைப்பதில்லை. பற்றிக்கொள்ள ஓர் இடம் இருந்தால்தான் அது உயிரோடிருக்கும். புற்றுச் செல்லோ கூழில் மிதந்தபடியே வளரும். ஒரு கன்னத்தில் பிறந்த செல் கழுத்து நிணநீர்க் கணுவில் போய்க் குடித்தனம் நடத்த முடிவது இந்தக் குணத்தால்தான். ரத்தச் செல்களைப் போலச் சில நாடோடிகளைத் தவிர, நம் உடலில் எந்தச் செல்லும் பிறந்த ஊரை விட்டுப் போய்ப் பிழைப்பதில்லை.

அடுத்தது கணக்கு. லெனார்ட் ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் என்ற இருவர் 1961இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒன்றைக் காட்டினார்கள். மனிதச் செல்கள் தட்டில் ஐம்பது தடவை சுமாருக்குப் பிரிந்த பிறகு, என்ன கொடுத்தாலும் பிரிவதை நிறுத்திவிடுகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோம்களின் நுனி கொஞ்சம் தேய்கிறது. தேய்ந்து ஓர் அளவுக்குக் கீழே போனால் நிறுத்தம். புற்றுச் செல்களில் பெரும்பாலானவை டெலோமரேஸ் என்ற நொதியை மறுபடி முடுக்கிவிட்டு, தேய்ந்த நுனியை நீட்டிக்கொண்டே போகின்றன. அந்த நொதியைக் கண்டுபிடித்தவர்கள் உட்பட மூவருக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. 1951இல் பால்ட்டிமோரில் ஹென்ரியெட்டா லேக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமல் எடுத்த செல்கள் இன்றைக்கும் உலகெங்கும் ஆய்வகங்களில் பிரிந்துகொண்டே இருக்கின்றன. அவரும் அதே ஆண்டு அக்டோபரில் இறந்துவிட்டார். ரெபெக்கா ஸ்க்ளூட் 2010இல் எழுதிய நூல் வழியாக இந்தக் கதை பலருக்குத் தெரியும்.

பலருக்குத் தெரியாதது, நம் பக்கத்திலேயே இப்படிச் சாகாத செல்கள் இருப்பது. மலேசிய நோயாளிகளின் வாயிலிருந்து அறுவையில் எடுத்த கட்டிகளிலிருந்து வளர்த்த செல்வரிசைகள். ஓஆர்எல்-48, ஓஆர்எல்-115, ஓஆர்எல்-136 என்று பெயர். 2007இல் இவற்றைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை வந்தது. அதற்கு முன் வாய்ப் புற்றுநோய் ஆய்வுக்கு மேற்கத்திய நோயாளிகளின் செல்களையே பெரும்பாலும் நம்பியிருந்தார்கள். சிகரெட்டும் மதுவும் கெடுத்த வாயும், பாக்கு கெடுத்த வாயும் ஒன்றல்ல என்பதால் இவை தேவைப்பட்டன. அந்த எண்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கேட்கக் கூடாது, கேட்டாலும் சொல்ல மாட்டார்கள், அதுவே சரி. ஆனாலும் சுபாங் ஜெயா வழியாகப் போகும்போது, யாரோ ஒருவரின் ஈறு அவருக்குப் பிறகும் வளர்ந்துகொண்டிருக்கலாம் என்ற நினைப்பு எனக்கு வராமல் இருப்பதில்லை. நம் ஊர் எழுத்தாளர்களில் ஒருவருக்காவது இது கதையாகத் தோன்றியிருக்க வேண்டாமா?

மூன்றாவது சாவு. நான் இந்தத் தேடலில் அதிகம் தங்கிவிட்ட இடம் இதுதான். தினமும் நம் உடலில் 5,000 கோடிக்கு மேற்பட்ட செல்கள் தாமாக முன்வந்து சாகின்றன. அடிபட்டு வெடித்துச் சாவது வேறு. இது ஒழுங்கான சாவு. செல் சுருங்குகிறது, தன் மரபுநூலைத் துண்டுதுண்டாக நறுக்குகிறது, தன்னைப் பொட்டலங்களாகக் கட்டி வைக்கிறது, பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. சத்தமில்லை, வீக்கமில்லை. கருவில் துடுப்பு மாதிரி இருந்த கையில் விரல்கள் பிரிவதே இடையிலிருந்த செல்கள் இப்படிச் செத்து வழிவிடுவதால்தான். 1972இல் மூன்று ஆய்வாளர்கள் இதற்கு 'அபாப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் இலையோ இதழோ உதிர்வதைக் குறிக்கும் சொல்.

தமிழ்க் கலைச்சொல் பட்டியல்களில் இதற்குச் 'செல் தற்கொலை', 'திட்டமிட்ட செல் இறப்பு' என்றெல்லாம் பார்க்கிறேன். முதலாவது தவறான நாடகம், இரண்டாவது அரசாங்கக் கடிதம். பூவின் பருவங்களுக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஏழு பெயர் மனப்பாடம் செய்த மொழி இது. ஆறாவதாக வரும் 'வீ' வாடி விழும் பூவுக்குப் பெயர். கிரேக்கர் இதழுதிர்வைச் சொன்னார்களே, அதே பொருள், ஓரெழுத்தில். இதை நான் கலைச்சொல்லாகப் பரிந்துரைக்கவில்லை. பரிந்துரைக்க நான் யார்? நம்மிடம் இருக்கிற சொல்லை நாம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

இந்த உதிர்வை நடத்துகிற காவல்களில் முக்கியமானது பி53 என்ற புரதம். 1979இல் கண்டுபிடித்தார்கள். செல்லின் மரபுநூலில் சேதம் கண்டால் அது பிரிவை நிறுத்துகிறது, சரிசெய்ய முடியாவிட்டால் செல்லை உதிரச் சொல்கிறது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இந்தப் புரதத்துக்கான மரபணு கெட்டிருக்கிறது. நமக்கு அந்த மரபணு ஒரு ஜோடி. யானைக்கு இருபது ஜோடி இருப்பதாக 2015இல் கண்டார்கள். அவ்வளவு பெரிய உடம்பில், அவ்வளவு செல்களோடு, யானைக்குப் புற்றுநோய் ஏன் குறைவு என்ற பழைய புதிருக்கு இது ஒரு பதிலாக இருக்கலாம் என்கிறார்கள்.

மீதி வித்தியாசங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புற்றுச் செல்லின் உட்கரு பெரிதாக, கோணலாக இருக்கும். குரோமோசோம் எண்ணிக்கை 46இல் நிற்காது, லேக்ஸின் செல்களில் எழுபதுக்கு மேல். ஒரு கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளரப் புது ரத்தக்குழாய்களை வரவழைத்தாக வேண்டும் என்று ஜூடா ஃபோக்மன் 1971இல் சொன்னார், அப்போது அவரைப் பெரிதாக யாரும் நம்பவில்லை. ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே புற்றுச் செல்கள் சர்க்கரையை அள்ளிப் புளிக்கவைக்கின்றன என்பதை ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டார். பெட் ஸ்கேனில் கட்டி ஒளிர்வது அதனால். "சீனியை நிறுத்தினா கேன்சர் பட்டினி கிடந்து செத்துடும்" என்று குடும்ப வாட்சப் குழுவில் வருவதும் அதே உண்மையின் மலிவுப் பதிப்பு. நீங்கள் சீனி சாப்பிடாவிட்டாலும் உங்கள் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டேதான் இருக்கும். சிகிச்சையில் இருப்பவருக்குச் சாப்பாட்டைக் குறைத்தால் மெலிவது அவர்தான்.

இதையெல்லாம் அடுக்கிப் பார்த்தபோது எனக்குப் பட்டது, புற்றுச் செல்லிடம் புதிதாக எதுவுமே இல்லை என்பது. நுனியை நீட்டும் டெலோமரேஸ் நம் விந்தணு, சினைமுட்டை தரும் செல்களில் எப்போதும் வேலை செய்கிறது. ஊர்விட்டு ஊர் போவது கருவில் எல்லாச் செல்களும் ஒருகாலத்தில் செய்ததுதான். புது ரத்தக்குழாய் வரவழைப்பது விரல் அறுந்தால் நம் உடம்பு செய்வது. சரியான வேலைகள், தவறான நேரத்தில், நிறுத்துவாரின்றி. எங்கள் தொழிற்சாலையில் எந்திரம் ஆபத்தான நிலைக்குப் போனால் தானாக நிற்க 'இன்டர்லாக்' வைத்திருப்போம். அவசர ஆர்டர் வந்தால் யாராவது ஒரு வயரைப் போட்டு அதை 'பைபாஸ்' பண்ணிவிடுவார்கள். ஒன்று போனால் ஒன்றும் ஆகாது. இன்னொன்று, மற்றொன்று என்று வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகப் போனபிறகு ஒருநாள் எந்திரம் நிற்கவே மாட்டேன் என்கிறது. அதில் அந்நியப் பாகம் ஒன்றும் கிடையாது, எல்லாம் கம்பெனி ஒரிஜினல். புற்றுநோய் பெரும்பாலும் வயதானபின் வருவதற்கு இது பொருந்துகிறது. ஆனால் என் உருவகத்திலும் ஓட்டை இருக்கிறது. தொழிற்சாலையில் வயர் போட்ட ஆள் ஒருவன் இருப்பான். செல்லில் அப்படி யாரும் இல்லை. ஒவ்வொரு முறை பிரியும்போதும் 600 கோடி எழுத்துகளைப் படியெடுக்கிற இடத்தில் பிழை நேர்கிறது, பாக்கு போன்றவை திரும்பத் திரும்பப் புண்ணாக்கி, திரும்பத் திரும்பப் பிரியவைத்து, பிழைக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. அவ்வளவே. "யாரு என்ன செஞ்சு வச்சாங்களோ" என்று பெரியம்மா முதலில் அழுதார். "வெத்தல போட்ட பாவம்" என்று பிறகு அழுதார். இரண்டிலும் ஓர் ஆள் தேவைப்படுகிறது, முதலில் எதிரி, பிறகு தான்.

இங்கேதான் நான் சொண்டாக்கிடமிருந்து விலகுகிறேன். நோயை உருவகமே இல்லாமல் அணுகுவதுதான் ஆரோக்கியம் என்பது அவர் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆய்வகத்திலேயே உருவகம் இல்லாமல் யாரும் பேசுவதில்லை. 'செல்' என்பதே சிற்றறை என்ற உருவகம். ஒரு செல்லிலிருந்துதான் இன்னொரு செல் பிறக்கிறது என்று 1850களில் நிலைநாட்டிய ருடால்ஃப் விர்க்கோ, அரசியலிலும் இருந்தவர். உடல் என்பது குடிமக்களாகிய செல்களின் நாடு என்று அவர் எழுதினார். உடலை நாடாக்கினால் நாடு உடலாவதற்கு எவ்வளவு நேரமாகும்? அரசியல்வாதிகள் தங்களுக்குப் பிடிக்காதவர்களைப் புற்று என்று அழைக்கும் பாதை அங்கிருந்தும் போகிறது. உருவகத்தை ஒழிக்க முடியாது. எது பொய் சொல்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம்.

அந்தச் சோதனையில் முதலில் தோற்பது போர். 'புற்றுநோயை வென்றவர்', 'போராடித் தோற்றார்'. நம் நாளிதழ் இரங்கல்களில் இது வாய்பாடாகிவிட்டது. இதற்குப் பின்னால் வரலாறு உண்டு. 1971இல் அமெரிக்க அதிபர் நிக்சன் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டதிலிருந்து அது அதிகாரபூர்வப் போர். முதல் கீமோ மருந்துகளில் ஒன்று போர்க்கள விஷவாயுவின் உறவினர் என்பதும் உண்மை. ஆனால் இன்னொரு முதல் மருந்தின் கதையைப் பாருங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாபிரகட சுப்பாராவ், ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினை ஆராய்ந்து, அதைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைத் தடுக்கும் சேர்மங்களை உருவாக்கும் பணியை நடத்தினார். அவற்றில் ஒன்றை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதை 1948இல் வெளியிட்டார். அது ஏன் வேலை செய்தது? நம் செல்லும் புற்றுச் செல்லும் ஒரே வைட்டமினைச் சாப்பிடுவதால். கீமோவில் முடி ஏன் கொட்டுகிறது, வாய் ஏன் வெந்துபோகிறது? அதே காரணம். இரண்டு தரப்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதால் மருந்துக்கு அடையாளம் தெரிவதில்லை. இதைப் போர் என்றால் எதிரி யார், நாடு எது? 'தோற்றார்' என்று எழுதுகிறவர்கள் இறந்தவரிடம் முயற்சி போதவில்லை என்று சொல்லாமல் சொல்கிறார்கள். சித்தார்த்த முகர்ஜியின் 2010 நூல் சுப்பாராவுக்கு உரிய இடம் தருகிறது, அந்த வகையில் எனக்கு அது பிரியமான நூல். ஆனாலும் நோயைச் சக்கரவர்த்தியாக்கி அதற்கு வாழ்க்கை வரலாறு எழுதியதில் நோய் கதாநாயகனாகிவிட்டது. நோயாளிகளில் கார்லா போன்ற ஓரிருவர்தான் முகத்தோடு நிற்கிறார்கள்.

முகம் என்றதும் சினிமா. தமிழ் சினிமாவுக்குப் புற்றுநோய் மிகப் பிடித்த நோய். ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962இல், பாலச்சந்தரின் முதல் படமான 'நீர்க்குமிழி' 1965இல். 1982இல் மட்டும் 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' என்று இரண்டு நாயகர்கள். 'நீர்க்குமிழி'யில் நாகேஷ் செய்தது பெரிய நடிப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த வரிசையில் நோய் எங்கே வருகிறது என்று கவனியுங்கள். உடம்புக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். நாயகன் இருமுவான், கைக்குட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு, பிறகு பாட்டு. வாயில் வந்து, கன்னம் பிளந்து, நாற்றமெடுத்து, பேச்சு குழறும் புற்றுநோய்க்கு நம் காதல் கதைகளில் இடமில்லை. தமிழர்களைத் தலைமுறையாகத் தின்றது அதுதான் என்றாலும். திரையில் அந்த வாயைக் காட்டியது இந்தியத் திரையரங்குகளில் படத்துக்கு முன் ஓடிய முகேஷ் விளம்பரம் மட்டும்தான். இருபத்து நான்கு வயதில் இறந்த ஒருவனின் கடைசிப் பேச்சு. அதையும் மீம் ஆக்கிச் சிரித்தோம். நம் சிறுகதைகள் சினிமாவைவிட மேல் என்று சொல்ல ஆசைதான். நான் வாசித்த போட்டிக் கதைகளில் கேன்சர் கடைசிப் பக்கத்தில் வரும், கதையை முடித்து வைக்க. பாத்திரத்தைக் கொல்ல வேறு வழி தெரியாத எழுத்தாளனுக்கு அது கைகொடுக்கிறது.

அப்படியானால் பொய் சொல்லாத உருவகம் எது? ஹரோல்ட் டிவோராக் என்ற நோயியல் மருத்துவர் 1986இல் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. புற்றுக்கட்டிகளை அவர் ஆறாத புண்கள் என்றார். புண் ஆறும்போது நடக்கும் அத்தனையும் கட்டியிலும் நடக்கின்றன: செல்கள் பிரிகின்றன, நகர்கின்றன, ரத்தக்குழாய் முளைக்கிறது, உடம்பு உதவிக்கு ஆள் அனுப்புகிறது. ஆறிய பிறகு நிற்க வேண்டும், அது மட்டும் நடப்பதில்லை. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "ஆறாத புண்ணுய்யா இது" என்று பெரியம்மா முதல் மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் போதும். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணைக் காட்டத்தான் வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வதும். 'புற்று' என்ற பெயர் வந்தபிறகுதான் குடும்பம் பயந்து பின்வாங்கியது.

மொழிக் கதையைச் சொல்கிறேன் என்றேன். நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தது 2004இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை வந்திருந்தது. தமிழாசிரியர் தமிழ்ப்பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் அறிவியல் நடத்தினார், பாவம், அவரும் எங்களைப் போலவே திணறினார். அதனால் செல்லுக்கு எனக்குத் தமிழ்ச்சொல் கிடையாது. தமிழ்நாட்டுப் பாடநூலில் அது 'செல்', இலங்கையில் 'கலம்', இங்கே 'உயிரணு' என்றும் எழுதுகிறார்கள். எனக்குக் 'கலம்' பிடித்திருக்கிறது, பாத்திரம், படகு என்ற பொருளும் சேர்ந்துவருவதால். ஆனால் இந்தக் கட்டுரை முழுக்க 'செல்' என்றே எழுதியிருக்கிறேன். பெரியம்மாவுக்கு அதுதான் புரியும். கைப்பேசி 'செல்'லோடு குழப்பிக்கொள்வார், அது பரவாயில்லை.

அறுவைக்குப் பிறகு வந்த நோயியல் அறிக்கையை அவருக்கு நான்தான் படித்துச் சொன்னேன். ஆங்கிலத்தில் இருந்தது. செல்கள் 'மாடரேட்லி டிஃபரன்ஷியேட்டட்' என்று போட்டிருந்தது. அகராதி 'வேறுபாடடைந்த' என்கிறது. அதைச் சொல்லி யாருக்கு என்ன பயன்? பிறக்கும்போது எல்லாச் செல்லும் ஒன்றுபோல இருந்து, பிறகு தோல், நரம்பு, தசை என்று ஆளுக்கொரு தொழில் கற்றுக்கொள்கிறது. புற்றுச் செல் அந்தத் தொழிலை மறக்கத் தொடங்குகிறது. எவ்வளவு மறந்திருக்கிறது என்பதைத்தான் அந்தச் சொல் அளக்கிறது. மறதி கூடக்கூட ஆபத்தும் பொதுவாகக் கூடும். அறிக்கையில் 'கெரட்டின் முத்துகள்' தெரிந்ததாகவும் இருந்தது. கெரட்டின் தோலின் சரக்கு. அவ்வளவு கெட்டபிறகும் அந்தச் செல்கள் கன்னத்துத் தோலின் வேலையை மூலையில் உருண்டை உருண்டையாகச் செய்துகொண்டிருந்திருக்கின்றன.

"தொழில பாதி மறந்துபோன தோலு பெரியம்மா, உங்க தோலுதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "பாதி மறந்துச்சு சரி. எல்லாத்தையும் எடுத்துட்டாங்களா?" என்று, இப்போதெல்லாம் பேசுகிற குழறலில் கேட்டார். அதற்கு அறிக்கையின் கடைசி வரியில் பதில் இருந்தது. வெட்டியெடுத்த சதையின் ஓரங்களில் புற்றுச் செல் இல்லை, கிட்டத்தில் இருந்த ஓரத்துக்கும் ஆறு மில்லிமீட்டர் தள்ளி. ஆறு மில்லிமீட்டர் எவ்வளவு என்று விரலால் காட்டச் சொன்னார், காட்டினேன்.